பொக்கே தின்ற கொப்பரை

எங்கள் ஊர்ப் படக்காரர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு குறிப்பு நோட்டில் கிடக்கிறது. பரமத்தி வேலூர் காவிரிப் பாலத்துக்குக் கீழே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே ஏழெட்டுப் பேர் கேமராவோடு கூடுவோம். ஒருவர் கோழித்தீவனம் விற்கிறவர். ஒருவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்கள், கல்லூரி படிக்கிற ஒரு பையன், அப்புறம் நான். வெயில் ஏறும் வரை எடுப்போம். பிறகு டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை விரித்து ஒருத்தர் படத்தை ஒருத்தர் அலசுவோம்.

அந்த அலசலில் படத்துக்குப் பத்து நிமிஷம் என்றால் லென்ஸுக்கு முக்கால் மணி நேரம். "இது ஃபிஃப்டியா? எஃப் எவ்வளவு? கேனானா, யோங்னுவோவா?" என்று ஆரம்பித்து, பழைய ரஷ்ய ஹீலியாஸ் 44 லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினால் பின்னணி சுழல் சுழலாக வருமே என்பதில் போய் நிற்கும். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கும். ஆனால் இத்தனை பேச்சுக்கு நடுவில் படத்தில் இருப்பது என்ன, இல்லாமல் போனது என்ன என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு படம் அடி கொடுத்த பிறகுதான் கேட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிலிக்கல்பாளையம் பக்கம் ஒரு வெல்ல ஆலைக் கொட்டகை. கொப்பரையில் சாறு கொதித்துப் பாகாகிற நேரம். துடுப்பு போட்டுக் கிளறிக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். ஆவிக்கு நடுவில் அவர் முகம் மட்டும் அடுப்பு வெளிச்சத்தில் செம்பு மாதிரி மின்னியது. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8. ஒரு கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். கண்ணிமையில் ஒட்டிய சாம்பல்கூடத் தெரிந்தது. மற்றதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைந்துவிட்டது. டீக்கடையில் ஒரே பாராட்டு. 'பொக்கே'வைப் பார் என்று தீவனக்காரர் இரண்டு தடவை சொன்னார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

12-க்கு 18 பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவரிடமே கொடுத்தேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. ஆனா இது எங்க எடுத்ததுன்னு என்ற பேரன் கேட்டா நான் என்னன்னு சொல்றது? கொப்பரையக் காணோம், அடுப்பக் காணோம். கல்யாண மண்டபத்துல எடுத்த மாதிரியில்ல இருக்குது."

மனுஷர் குறையாகச் சொல்லவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நான் என்னவோ லென்ஸ், அபர்ச்சர் என்று உளறினேன். வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. நாற்பது வருஷ வேலை செய்த கையும் துடுப்பும் படச் சட்டத்துக்குள்ளேயே இருந்தும், இரண்டு பழுப்புக் கறையாகத்தான் இருந்தன.

இது ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்களில் பலரிடம் இருப்பது சின்ன சென்சார் கேமரா. அதில் 50 மி.மீ. லென்ஸ், முழுச் சட்ட கேமராவில் 80 மி.மீ. காட்டுகிற அளவுக்குத்தான் காட்டும். அதாவது பாதி டெலி. ஒன்றரை மீட்டரில் நிற்கிற ஆளை எஃப் 1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 6 சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து கன்னம் வரை. காது மங்கிவிடும். கொப்பரை எங்கே பிழைக்கும்?

அதே கேமராவோடு இலவசமாக வந்து, வாங்கிய மறு மாதமே பீரோவில் தூங்கப் போகிற 18-55 கிட் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ.யில் எஃப் 8 வைத்து இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் பண்ணினால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தொடுவானம் வரைக்கும் தெளிவு. வெளிச்சம் போதாதே என்பீர்கள். நியாயம்தான், எஃப் 1.8-க்கும் எஃப் 8-க்கும் நடுவில் வெளிச்சம் இருபது மடங்கு குறையும். கொட்டகைக்குள் அது கட்டுப்படியாகாது. ஆனால் எஃப் 4-க்கு வந்தால் ஐந்து மடங்குதான். நாலு மீட்டர் தள்ளி ஃபோகஸ் வைத்தால் இரண்டு மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை கிடைக்கும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிப் புள்ளி புள்ளியாக வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் புள்ளியைப் பொறுக்க மாட்டோம், கொப்பரை காணாமல் போனதைப் பொறுத்துக்கொள்வோம். என் விமர்சனம் முழுக்க இந்த இடத்தில்தான்.

இங்கே மா. கிருஷ்ணனை இழுக்காமல் முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகன். 1912-இல் பிறந்து 1996-இல் காலமானவர்; 1950-இலிருந்து கடைசி வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். காட்டில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அவருடைய கேமரா கடையில் கிடைக்கிற சாமான் அல்ல. வேறு வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டித் தானே செய்துகொண்டது. அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. லென்ஸ் பேச்சில் அவரை மிஞ்ச எங்கள் பெஞ்சில் ஆள் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆனால் அவருடைய யானைப் படங்களைப் பாருங்கள். 2006-இல் ஒரு தொகுப்பு நூலே வந்திருக்கிறது. யானை நிற்கிறது, அது நிற்கிற மூங்கில் தூரும், காலடிப் புல்லும், பின்னால் சரிவும் சேர்ந்து நிற்கின்றன. இந்த மிருகம் எந்த மாதிரிக் காட்டில் எப்படிப் பிழைக்கிறது என்பது படத்திலேயே இருக்கிறது. இன்றைக்குப் பறவைப் படம் எடுக்கிறவர்கள் 600 மி.மீ. லென்ஸில் பச்சைத் திரைக்கு முன்னால் வைத்த பொம்மை மாதிரி ஒரு மீன்கொத்தியைக் காட்டுகிறார்கள். இறகுக்கு இறகு எண்ணலாம். அது காவிரிக் கரை மீன்கொத்தியா, கண்காட்சிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது.

இன்னும் பின்னால் போனால் லின்னேயஸ் டிரைப் இருக்கிறார். மதராஸ் அரசாங்கத்துக்குப் படம் எடுத்த ராணுவ அதிகாரி. 1858-இல் வெளிவந்த அவருடைய தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் மற்ற சில இடங்களும் பற்றியது. நம்ம வேலூரும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. ஏறத்தாழ 12-க்கு 15 அங்குல மெழுகுக் காகித நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து வரிசையாக ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். கல்லில் வெட்டிய எழுத்து தெரிய வேண்டும் என்பதே நோக்கம். (எடிட்டிங் கூடாது என்று சண்டை போடும் வாத்தியார் நண்பருக்கு ஒரு செய்தி: வெறுமையாக விழுந்த வானத்தில் மேகத்தை நெகட்டிவ் மேலேயே தூரிகையால் தீட்டியவர் டிரைப்.) அந்தப் படங்களில் ஆட்கள் அநேகமாக இல்லை. கல் இருக்கிறது, மனுஷன் இல்லை. எங்கள் படங்களில் மனுஷன் இருக்கிறான், ஊர் இல்லை. 160 வருஷத்தில் குறை இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

முகத்தோடு நிறுத்தினால் அரைக் கணக்கு. எங்களுடைய இன்னொரு வழக்கமான படம் ஆறு. காலை வெயில், ஒற்றைப் பரிசல், பால் போல வழிகிற தண்ணீர். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு என்.டி. ஃபில்டர் ஒன்றைத் திருகினால் போதும். முப்பதில் ஒரு நொடியில் முடிகிற படம் அரை நிமிஷத்துக்கு நீளும். அலை, நுரை, சுழி எல்லாம் மொழுமொழுவென்று ஒரே பட்டுத் துணியாகிவிடும். அழகுதான், மறுக்கவில்லை. என்னிடமே பதினைந்து இருக்கிறது. ஒரு நாள் அந்தப் பதினைந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எது மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு இரு கரையும் முட்டிப் போனபோது எடுத்தது, எது சித்திரையில் முழங்காலளவு ஓடியபோது எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை! தேதியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். காவிரிக் கரையில் வளர்ந்தவன் எடுத்த படத்தில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது தெரியவில்லை என்றால் அது என்ன படம்? எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் முதல் பேச்சே அதுதானே.

பெயிண்டர் நண்பர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். அது லேசான பதில் இல்லை. "ஏனுங்க, பின்னாடி பூரா பிளாஸ்டிக் குடம், கரண்ட் ஒயர், பீடிக் கட்டு, தார்ப்பாய். அத மங்க வெக்கிறதுக்குத்தான காசு குடுத்து லென்ஸ் வாங்கறம்?" என்பார். சரிதான். எதை விடுவது என்று தெரியாமல் படம் இல்லை. கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களை எடுத்தபோதும் விட வேண்டியதை விட்டிருப்பார். அவர் அதிகம் பயன்படுத்தியதும் இதே 50 மி.மீ.தான், ஆனால் முழுச் சட்டத்தில். அவர் விட்டது நின்ற இடத்தாலும் அழுத்திய நொடியாலும். ரெண்டு எட்டு நகர்ந்தால் ஒயர் தலைக்குப் பின்னாலிருந்து விலகும். குனிந்தால் தார்ப்பாய் மறையும். நாங்கள் நகர்வதில்லை. வளையத்தைத் திருப்பி எல்லாவற்றையும் ஒரே மாதிரி கரைத்துவிடுகிறோம். குப்பையும் கொப்பரையும் லென்ஸுக்கு ஒன்றுதான்.

நண்பர் சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. பின்னணியை மங்க வைத்தால் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாகு எந்தப் பதத்தில் இறக்குகிறார்கள், எரிக்கிற சக்கை எங்கே காய்கிறது, யார் அச்சில் ஊற்றுவது என்று தெரிந்தால்தான் எங்கே நிற்பது என்று தெரியும். பாண்டமங்கலம் பக்கத்துக் கொடிக்காலும் அப்படித்தான். அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடி ஏறுகிற விதம், வரப்புக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஆள் உடம்பைத் திருப்பி நடக்கிற விதம், கவுளிக்கு நூறு என்று விரல் எண்ணுகிற வேகம். இதெல்லாம் எங்கள் படங்களில் எங்கே? ஒரு பாட்டியின் சுருக்கம் விழுந்த முகமும் பின்னால் பச்சைப் புகையும்தான் இருக்கின்றன. நான் சின்னப் பையனாக ஓடிய இரண்டு கொடிக்கால்கள் இன்றைக்கு வீட்டுமனை. அவற்றின் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. அந்தக் காலத்தில் கேமரா இல்லை என்று சாக்கு சொல்லலாம். இன்றைக்கு எங்கள் ஏழெட்டுப் பேரிடம் பன்னிரண்டு கேமரா இருக்கிறது.

போன தை மாதம் அதே கொட்டகைக்கு 18-55-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் ஒரு படம்கூடத் தேறவில்லை. அகலமான லென்ஸில் எல்லாமே உள்ளே வந்து நிற்கிறது; ஒழுங்குபடுத்தத் தெரியவில்லை. ஆவி வேறு லென்ஸில் படிந்து, துடைத்துத் துடைத்தே கரும்பு தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் கேமராவைத் தொடாமல் ஒரு கொப்பரை ஏறி இறங்கும் வரை சும்மா உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள்தான் நிற்க வேண்டிய இடம் பிடிபட்டது. அடுப்பு வாய்க்கு எதிர்மூலையில், சக்கைக் குவியல் மேல். அங்கிருந்து பார்த்தால் கொப்பரை, துடுப்பு, அவர், பின்னால் அச்சுப் பலகை, வாசலில் 30 கிலோ சிப்பங்களை அடுக்குகிற பையன் எல்லாம் ஒன்றை ஒன்று மறைக்காமல் வருகின்றன. ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 4. புள்ளி நிறையத்தான்.

டீக்கடையில் அது எடுபடவில்லை. "கொஞ்சம் நெரிசலா இருக்குதுங்க," என்றார் பெயிண்டர். வாத்தியார் ஒருவர் வலது மூலையைக் குரோப் பண்ணச் சொன்னார். கல்லூரிப் பையன் மட்டும் படத்தைப் பெரிதாக்கி, அடுப்பு வாயருகே நிற்பவர் யார் என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியவர் தன் முகத்தைத் தேடவே இல்லை. கொப்பரை விளிம்பில் விரலை வைத்தார். "இந்த ஒடசல் பாத்தீங்களா தம்பி? இது என்ற அய்யன் காலத்துக் கொப்பர. மூணு தடவ பத்த வெச்சாச்சு." விரல் அப்படியே நகர்ந்தது. அடுப்பு வாயில் நிற்பது அவருடைய மச்சானாம். எடுத்த மறு வாரம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். அவருக்கும் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றார். கொஞ்சம் சின்னதாகப் போட்டால் போதும், பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும் என்றார்.