பெயரிடுமுன் மறைந்த பிள்ளையின் வமிசாவளி

குலத்தின் வமிசாவளியை எழுதப் புகுவோர், வளர்ந்து மணந்து மக்களைப் பெற்றவர்களையே கிளைகிளையாக வரைந்து, தொட்டிலிலேயே மறைந்த சிசுக்களை ஒற்றை வரிக் குறிப்போடு விட்டுவிடுவது வழக்கம். ஆயினும் சில குடும்பங்களில் அச்சிசுவின் பிறப்புப் பதிவே, பெற்றோர் இன்னார், இவ்வூரார் என்று காட்டி எஞ்சிநிற்கும் மிகப் பழைய பத்திரமாதலால், அதைத் துருவுவது வீண்வேலையன்று.

சம்பிரதாயம் இதற்கு உதவாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் புதைப்பதே தர்மசாஸ்திர வழக்கு. அதற்கு வருஷ சிராத்தமும் இல்லை. ஆகவே கயையிலும் ஹரித்துவாரத்திலும் தீர்த்தப் புரோகிதரான பண்டாக்கள் காத்துவரும் பேரேடுகளில், பிதிர்காரியத்துக்கு வந்தவன் தந்தை பாட்டன் பெயரைச் சொல்லுவானேயன்றி, பால்மணம் மாறாது மாண்ட தம்பியை நினைத்துச் சொல்லுவது அரிது. நகரத்தார் கோயில்களிலோ மணமான தம்பதியரே கணக்கில் ஒரு ‘புள்ளி’ (குடும்பம்). யாழ்ப்பாணத்தில் ஈமக்கிரியையான அந்தியேட்டியன்று வழங்கும் ‘கல்வெட்டு’ நூலில் வமிசாவளி அச்சேறுமெனினும், அது பெரியோர்க்கே உரிய மரியாதை.

இனி எஞ்சுவது சர்க்கார் ஏடு. இந்தியாவின் 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, 12 மாதத்துள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். நாமகரணத்துக்குமுன் கண்மூடிய சிசுவுக்காகப் பதிவு அலுவலகப் படியேற எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? சான்றிதழும் தாய் தந்தையரோடு நின்றுவிடும். அன்றியும், தலைப்பிள்ளைக்கிட்ட பாட்டன் பெயரை, அப்பிள்ளை தவறியபின் அடுத்த பிள்ளைக்கும் இடுகிற வீடுகளில், இருவர் பதிவையும் ஒருவருடையதென மயங்குவோர் உளர். பிள்ளை தங்காத வீடுகளில் இடும் பிச்சை, குப்பன் போன்ற பெயர் முன்னோர் ஒருவருக்கு இருப்பின், அவருக்குமுன் தங்காத பிள்ளைகள் உண்டோ என்று தேடுவது நலம்.

இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலேயே தலைத்தோம்பு என்னும் பதிவேட்டில் குடும்பத்தாரையும், பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானங்களையும் எழுதிவைத்தார்கள். பிற்காலப் பிறப்புப் பதிவிலோ, தந்தை பிறந்த திகதி, இடம், இனம் என்பவற்றோடு, பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கும் கட்டம் இருக்கிறது. தந்தை வெளியே பிறந்திருப்பின் பூட்டனார் வரை விசாரணை செல்லும். ஒரு நாளே வாழ்ந்த சிசுவும் மூன்று தலைமுறையைச் சொல்லிப் போகிறது!

இக்கட்டத்தைக் கருணையென்று கொள்ளலாகாது. இலங்கையிற் பிறந்தவர் வமிசாவளிப் பிரஜையாவதற்குத் தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவருமோ அத்தீவில் பிறந்திருக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் விதித்ததை இதனோடு வைத்துப் பார்த்தால் போதும். திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரக்குழந்தைகளுக்கு அக்கட்டம் வெறுமையாகவே கிடக்க, அவர்கள் வேரைத் தேடுவோர் கடல் கடந்து இக்கரைக் கிராமத்துக்கே வரவேண்டியிருக்கிறது. பாட்டன் பெயரைக் கேளாத இக்கரை ஏடும் கைகொடுப்பதில்லை.

பாட்டனார் பெயரை எழுதிக்கொள்ளும் முறையை இந்தியப் படிவமும் மேற்கொள்ளத்தக்கதே; அவர் பிறந்த மண்ணைக் கேட்டுப் பேரனின் உரிமையைப் பறிக்கும் முறை எக்கரையிலும் வேண்டுவதில்லை.