வடுவின்றி எழுவோர்

'ஹேப்பி ட்ரீ ஃபிரெண்ட்ஸ்' என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 1999-இல் இணையத்தில் வெளிவரத் தொடங்கியது. மழலை முகம் கொண்ட முயலும் அணிலும் கரடியும் விளையாடும். மறுநொடியே கோரமாய் மாளும். அடுத்த கதையில் வடுவின்றி எழுந்து வரும். இது சிறுவர்க்குரியதன்று எனத் தயாரித்தவர்களே எச்சரித்துள்ளனர்.

அடிபட்டு எழுவது கார்ட்டூனின் பழைய உத்தியே. 1949-இல் சக் ஜோன்ஸ் இயக்கிய படத்தில் ரோட் ரன்னர் பறவையைத் துரத்திய கொயோட்டி ஓநாயும் விழுந்து எழுந்தது. ஆனால் அது தான் விரித்த வலையில் தானே சிக்கியது. அந்த வீழ்ச்சியில் ஒரு நீதி இருந்தது. இங்கோ பிழை செய்யாதவரும் மாள்கின்றனர். முடிவில் காட்டப்படும் நீதிவாக்கியம் அறத்தையே எள்ளி நகைக்கிறது.

எனினும் ஃபிளிப்பி என்னும் கரடியிடம் இத்தொடர் ஓர் உண்மையைத் தொடுகிறது. அவன் போர்முனையிலிருந்து திரும்பிய வீரன். வெடியோசை போன்ற ஒலி கேட்டதும் போர்க்களம் நினைவில் எழ, நண்பர்களையே கொன்றுவிடுகிறான். மாண்டோர் யாவற்றையும் மறந்து எழும் உலகில், மறக்க இயலாமல் தவிப்பவன் அவன்.

அவனைக் கண்டும் சிரிக்கவே தொடர் நம்மைப் பழக்குகிறது. குருதியன்று, இப்பழக்கமே நாம் அஞ்சத் தக்கது. விளைவை அழித்துவிடும் நகைச்சுவை, இரக்கத்திற்கும் இடமின்றிச் செய்துவிடுகிறது.