செத்தவனின் எண்: ‘சிஸ்வே பான்ஸி இஸ் டெட்’ நாடகமும் அடையாள அட்டையும்

அடையாள அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்று சட்டம் போடலாமா? இந்தக் கேள்வியை எந்த வாட்ஸப் குழுவில் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்துவிடும்: “தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்? காட்டிட்டுப் போக வேண்டியதுதானே?” இரண்டாவது பதில் ஜார்ஜ் ஆர்வெல் பேரைச் சொல்லும். அதோடு விவாதம் முடிந்தது. இரண்டிலும் ஒரே குறைதான். காட்டுகிறவர் யார், கேட்கிறவர் யார், எந்தத் தெரு, எத்தனை மணி என்ற தகவல் எதுவும் அவற்றில் இல்லை.

நாடகத்தால் அப்படித் தப்பிக்க முடியாது. மேடையில் ஓர் உடம்பு நின்றாக வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்வியை ‘சிஸ்வே பான்ஸி இஸ் டெட்’ நாடகத்தை வைத்து யோசிக்கப் பார்க்கிறேன். அதோல் ஃபுகார்டும் ஜான் கானியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் சேர்ந்து உருவாக்கி, 1972 அக்டோபரில் கேப் டவுனில் முதலில் அரங்கேற்றிய தென்னாப்பிரிக்க நாடகம் இது.

கதை சின்னது. கிங் வில்லியம்ஸ் டவுனிலிருந்து வேலை தேடி போர்ட் எலிசபெத்துக்கு வருகிறான் சிஸ்வே பான்ஸி. அவனுடைய பாஸ்புக்கில் முத்திரை விழுந்துவிடுகிறது: ஊரை விட்டுப் போ. நமக்கு பாஸ்புக் என்றால் வங்கி ஞாபகம் வரும். அங்கே கறுப்பின மக்கள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்க முடியும். பெயர், படம், எண், யாரிடம் வேலை, எந்த ஊரில் இருக்க அனுமதி என எல்லாம் அதில் இருக்கும். குடித்துவிட்டு வீடு திரும்பும் ஓர் இரவில் சிஸ்வேயும் நண்பன் புண்டுவும் சந்தில் ஒரு பிணத்தைப் பார்க்கிறார்கள். செத்தவன் பெயர் ராபர்ட் ஸ்வெலின்ஸிமா. அவன் பாஸ்புக்கில் வேலை தேடும் அனுமதி இருக்கிறது. புண்டு படத்தைப் பிய்த்து மாற்றி ஒட்டுகிறான். சிஸ்வே சாகிறான், ராபர்ட் பிழைத்துக்கொள்கிறான்.

இதை ‘நான் யார்’ என்ற தத்துவக் கேள்வியின் நாடகமாக வாசிப்பது வழக்கம். பெயர் என்பது வெறும் சட்டையா, உள்ளே இருப்பவன் யார் என்ற ரீதியில். அந்த வாசிப்பு தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நாடகத்தின் மிக முக்கியமான ஒரு விவரத்தைச் சும்மா தாண்டிப் போகிறது. சிஸ்வேக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் நெஞ்சுக்குப் பக்கத்திலேயே சுமக்கும் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் புண்டு வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தன்னைப் பற்றிய ஆவணத்தைச் சுமக்கும் கடமை அவனுக்கு. வாசிக்கும் வசதியும் எழுதும் அதிகாரமும் வேறு ஆட்களுக்கு.

என் தொழில் மொழியில் சொன்னால், அவன் உடம்பு ஒரு பென்டிரைவ். தகவல் அவனுடையது, ‘ரைட் பர்மிஷன்’ முழுக்க ஆபீசருடையது. மென்பொருளில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லித்தருவார்கள். நீ யார் என்பதைச் சரிபார்ப்பது ஒன்று. நீ என்ன செய்யலாம் என்று முடிவு செய்வது இன்னொன்று. பாஸ்புக் இரண்டையும் ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டது. ‘யார் நீ?’ என்று போலீஸ்காரர் கேட்கும்போது அவர் கேட்பது ‘நீ ஏன் இங்கே இருக்கிறாய்?’ என்பதைத்தான்.

இதைச் செய்த 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘பாஸ் ஒழிப்பு’ என்ற சொல் இருந்தது என்பது அரசாங்க நகைச்சுவை. பழைய பாஸ்களை ஒழித்து, எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் கொண்டுவந்தார்கள். 16 வயது முடிந்த கறுப்பின ஆண்கள் அதைச் சுமக்க வேண்டும். பிறகு பெண்களுக்கும் அதை நீட்டித்தார்கள். எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் ஊர்வலம் போனார்கள். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் ‘பாஸ் இல்லை, கைது செய்’ என்று காவல் நிலையம் முன் கூடியவர்கள் மேல் சுட்டதில் அரசுக் கணக்குப்படியே 69 பேர் செத்தார்கள். பாஸ் சட்டங்கள் போக 1986 ஆனது.

நாடகம் மேடையேறிய விதமும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது. அந்தப் புத்தகத்தில் கறுப்பின மனிதனுக்கு ‘நடிகர்’ என்றொரு வேலையே கிடையாது. அதனால் கானியும் இன்ட்ஷோனாவும் ஃபுகார்டின் வீட்டு வேலையாட்கள் என்று பதிவாகியிருந்தார்கள். பொய்ப் பாஸ்புக் பற்றிய நாடகத்தில் நடித்த இருவரும் பொய்யான பாஸ்புக்கோடு நடித்தவர்கள். 1975-இல் சிறந்த நடிகருக்கான டோனி விருதை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். புத்தகத்தின் கணக்கில் அப்போதும் அவர்கள் நடிகர்கள் இல்லை.

*

“அட, அது இனவெறி அரசு. அதற்கும் சாதாரண ஐடி கார்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெல்ஜியத்தில் 15 வயது தாண்டியவர்கள் அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே யாரும் ஷார்ப்வில்லைத் தேட முடியாது. ஜெர்மனியில் 16 வயதானால் அடையாள ஆவணம் ஒன்று வைத்திருப்பது கட்டாயம். ஆனால் வெளியே போகும்போதெல்லாம் சுமக்க வேண்டிய பொதுக் கடமை இல்லை. ‘உன்னிடம் இருக்க வேண்டும்’ என்பதும் ‘உன் மேல் இருக்க வேண்டும்’ என்பதும் ஒன்று கிடையாது. இந்த இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாவதில் நான் போய் என்னை நிரூபிக்கிறேன், எனக்கு ஏதோ தேவைப்படும்போது. இரண்டாவதில், தெருவில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நிரூபிக்கத் தயாராக இருக்கிறேன், இன்னொருவருக்குத் தோன்றும்போது.

இந்த வித்தியாசத்தை நம்மவர்கள் 1908-லேயே அதே தென்னாப்பிரிக்காவில் அனுபவித்துப் பார்த்தார்கள். டிரான்ஸ்வால் அரசு ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிவுசெய்து சான்றிதழைக் கேட்டபோதெல்லாம் காட்ட வேண்டும் என்றது. காந்தி கட்டாயத்தை எதிர்த்தார். பிறகு ஸ்மட்ஸோடு ஏற்பட்ட சமரசத்தில், கட்டாயச் சட்டம் போய்விடும் என்று நம்பி, தானாக முன்வந்து பதிவுசெய்ய ஒப்புக்கொண்டார். அதற்காகப் போகும் வழியில் சொந்த ஆட்களில் ஒருவரிடமே அடிவாங்கினார். கூடப் போன தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. சட்டம் நீங்காமல் இருந்தபோது, ஆகஸ்ட் 16 அன்று ஜோஹன்னஸ்பர்கின் ஹமீதியா மசூதி முன் சான்றிதழ்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். அதே ரேகை, அதே காகிதம். விரும்பிக் கொடுத்தால் கொடுக்கலாம், மிரட்டிக் கேட்டால் எரிக்கலாம் என்ற நிலைப்பாட்டில் முரண்பாடு எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் இதன் நாகரிகமான வடிவத்தைப் பார்க்கலாம். 1939-இல் போருக்காக அடையாள அட்டை வந்தது. போர் முடிந்தும் அட்டை போகவில்லை. 1950 டிசம்பரில் காரோட்டி வந்த கிளாரன்ஸ் வில்காக்கை ஒரு போலீஸ்காரர் நிறுத்தி அட்டை கேட்டார். அவர் காட்ட மறுத்தார். வழக்கில் சட்டப்படி அவர் குற்றவாளிதான். ஆனால் நீதிபதி கொடார்ட் பிரபு, போருக்குப் போட்ட சட்டத்தை வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தினால் ஒழுங்கான குடிமக்களே போலீசை வெறுக்க ஆரம்பிப்பார்கள் என்ற பொருள்படக் கண்டித்தார். 1952-இல் அட்டையைக் கைவிட்டார்கள். வில்காக்கின் தைரியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் மறுத்தால் நீதிமன்றம்வரை போக முடிந்தது. சிஸ்வே மறுத்தால் லாரியில் ஏற்றிவிடுவார்கள். சட்டத்தின் வாசகத்தைவிட இந்த வித்தியாசம்தான் பெரியது.

இங்கேதான் இலங்கை வருகிறது. அங்கே 1968-இன் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய அடையாள அட்டை எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது. பாஸ்புக் மாதிரி ஓர் இனத்துக்கு மட்டும் என்று எழுதியது கிடையாது. பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம். இப்படிச் சில விவரங்கள்தான். போர்க்காலத்தில் கொழும்புச் சோதனைச் சாவடியில் ‘பிறந்த இடம்: யாழ்ப்பாணம்’ என்ற வரி போதுமாக இருந்தது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழர்களை, கொழும்பில் இருக்கத் தக்க காரணம் இல்லை என்று பஸ்ஸில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடைபோட்டது. சிஸ்வேயின் புத்தகத்தில் விழுந்த முத்திரையும் இதுதான்: உனக்கு இங்கே என்ன வேலை, ஊருக்குப் போ. தென்னாப்பிரிக்காவுக்கு அதற்கென்று தனிச்சட்டம் தேவைப்பட்டது. இங்கே பொதுவான ஓர் அட்டையில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அது நடந்தது. ‘சாதாரண ஐடி கார்டுதானே’ என்ற வாதத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். அட்டை சாதாரணமாகத்தான் இருக்கும். கேட்கிறவருக்கு ஒருநாள் தேவை வரும்.

*

இனி நாடகத்தோடு எனக்கு இருக்கும் சண்டை. பிணத்தைப் பார்த்ததும் சிஸ்வேயின் முதல் எண்ணம், செத்தவனை அவன் வீட்டில் சேர்க்க வேண்டும் என்பது. புண்டு தடுக்கிறான். போலீஸ் வரும், கொலைப்பழி நம் மேல் விழும். அவன் சொல்வது நடைமுறை. சிஸ்வே ஆத்திரத்தில் தன் உடம்பையே சாட்சியாகக் காட்டி, நான் மனுஷன் இல்லையா என்று கத்தும் காட்சி இதிலிருந்துதான் பிறக்கிறது. அருமையான காட்சி. ஆனால் அதற்குப் பிறகு நாடகம் ராபர்ட்டை மறந்துவிடுகிறது. புண்டு போலீசாகவும் சம்பளம் கொடுப்பவனாகவும் மாறிமாறி நடித்து சிஸ்வேயை எண்ணை மனப்பாடம் செய்யவைக்கும்போது நாம் சிரிக்கிறோம். கடைசியில் ஸ்டைல்ஸின் ஸ்டூடியோவில் ஒரு கையில் பைப், ஒரு கையில் சிகரெட்டோடு அவன் போஸ் கொடுக்கும்போதும் சிரிக்கிறோம். சந்தில் கிடப்பவன் பெயரில்லாத பிணமாகத்தான் புதைபடுவான். அவனுக்காகக் காத்திருக்கும் நோவெட்டு யாரோ, நமக்குத் தெரியாது. நாடகத்தின் தலைப்பே ஒரு பொய். செத்தது ராபர்ட். அவனுக்கு ஒரு தலைப்புகூடக் கிடைக்கவில்லை.

‘தீபன்’ (2015) படம் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதிலும் ஷோபாசக்தி நடித்த போராளி, ஒரு பெண், ஒரு சிறுமி மூவரும் செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் பிரான்ஸ் போகிறார்கள். அங்கேயும் நிஜமான தீபன் யார் என்று யாரும் கேட்பதில்லை. பிழைப்பவர்களின் கதைக்குச் செத்தவர்களின் கதை அடிமாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புண்டுவின் தந்திரம் பலித்ததற்குக் காரணம் பசை. படத்தைப் பிய்க்க முடிந்தது, ஒட்ட முடிந்தது. இன்றைக்கு விரல்ரேகையும் கருவிழியும் இருக்கும் அமைப்பில் சிஸ்வே மறுநாளே மாட்டியிருப்பான். நாங்கள் அதை ‘ஓட்டையை அடைத்தோம்’ என்று பெருமையாகச் சொல்வோம். ஒரு மனிதன் குடும்பத்தோடு பிழைத்திருந்தது அந்த ஓட்டைக்குள்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே ஓட்டை வழியாகத்தான் ஏழையின் ரேஷனை இன்னொருவன் எடுத்துக்கொண்டும் போகிறான். அடையாளமே வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் அடையாளம் கேட்கப்படாத இடத்தில் இருப்பவர்கள். அட்டை இல்லாததால் பென்ஷனுக்கு அலையும் கிழவியிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

அதனால் என் முடிவு இதுதான். அரசு எல்லோருக்கும் அட்டை கொடுக்கட்டும், இலவசமாக, அலையவிடாமல். சேவை கேட்டு நான் போகும்போது கேட்கட்டும். ஆனால் தெருவில் நடப்பதற்கு அட்டை வேண்டும் என்று சட்டம் சொல்லக் கூடாது. இந்தியாவில் இன்றுவரை அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆதாரைப் பெரும்பான்மைத் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டபோதும், தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்கலாம் என்ற பிரிவை அடித்தது. இருந்தும் எங்கே போனாலும் ‘ஆதார் காட்டுங்க’ என்கிறார்கள். சட்டம் செய்யாததைப் பழக்கம் செய்துகொண்டிருக்கிறது. பழக்கம் முற்றிய பிறகு சட்டம் வந்தால் யாருக்கும் அது புதிதாகவே தெரியாது.

இதில் என் மாதிரி ஆட்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. பாஸ்புக் படங்கள் எடுக்க போலராய்டின் கருவிகள் பயன்படுகின்றன என்று 1970-இல் கண்டுபிடித்துப் போராடியவர்கள் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும். நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற 1977 ஆனது. ஸ்டைல்ஸ் பக்கமும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். அவன் ஸ்டூடியோவில் கல்யாணப் படமும் எடுப்பார்கள், பாஸ்புக் படமும் எடுப்பார்கள். ஒரே கேமராதான். எந்தப் படம் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். நாம் எழுதும் நிரல் எதற்கு என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.