நித்திய நிறுவை

பாதுவா சர்வகலாசாலையில் வைத்திய சாஸ்திரம் போதித்த சாந்தோரியோ என்னும் இத்தாலியர், பெரியதொரு வெள்ளிக்கோலின் முனையில் நாற்காலி ஒன்றைத் தொங்கவிட்டு, உட்கொண்ட ஆகாரத்தையும் வெளிப்பட்ட கழிவையும் தம் சரீரத்தையும் ஏறத்தாழ 30 வருஷ காலம் இடைவிடாது நிறுத்துப் பார்த்து, அவ்விதம் கண்டவற்றை 1614-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 8 ராத்தல் உணவும் பானமும் உள்ளே சென்றால் அதில் 5 ராத்தல் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாக மறைந்துவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அந்த நாற்காலிக்கு வேறோர் உபயோகமும் இருந்தது. முன்கூட்டி நிர்ணயித்த அளவு உண்டு முடித்தவுடன் அது சற்றே கீழே தாழும். போதும், எழுந்திரு என்பது அதற்குப் பொருள். சாந்தோரியோவுக்கு நாற்காலி வெளியிலிருந்து சொன்ன அந்தச் சொல்லை, உடற்பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இக்காலத்தில் அவருடைய இரைப்பையே உள்ளிருந்து சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும் அவர்களுள் பலர், விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன்பாகவே எடைமெஷினில் ஏறி நிற்கிறார்கள். சிலர் மத்தியானம் ஒரு முறையும் படுக்கப் போகுமுன் ஒரு முறையும் ஏறுகிறார்கள். மெஷின் காட்டும் எண் பிடிக்காவிட்டால் அதை வேறோரிடத்துக்கு நகர்த்தி வைத்து மறுபடியும் ஏறுகிறவர்களும் உண்டு.

இவ்வழக்கத்தைக் குறித்து வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தினந்தோறும் நிறுத்துக்கொள்ளுங்கள் என்பார் ஒருவர். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் அந்தப் பக்கமே போகவேண்டாம் என்பார் இன்னொருவர். இருவர் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இவ்வழக்கத்தின் குணமும் தோஷமும் சிகிச்சை நடந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகின்றன என்பதையும், வழக்கம் உச்சத்தில் இருக்கும் காலத்தில் அதனால் விளையும் பிரயோஜனம் மிகக் குறைவு என்பதையும், பிரயோஜனம் மிகும் காலத்தில் பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதையும் இருவரும் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் சிகிச்சையின் தன்மையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இரைப்பையில் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ நீளவாக்கில் வெட்டியெடுத்துவிட்டு, எஞ்சியதை ஒடுங்கிய குழாயாக விட்டுவைப்பது ஸ்லீவ் என்னும் முறை. 30 மில்லிலிட்டர் அளவேயுள்ள சிறு பையை இரைப்பையின் மேற்பகுதியில் பிரித்தெடுத்து, சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தாண்டிய இடத்தோடு இணைத்துவிடுவது பைபாஸ். இதை ஐயோவா சர்வகலாசாலையில் எட்வர்டு மேசனும் சிகாஷி இடோவும் 1966-இல் தொடங்கிவைக்க, பின்வந்தோர் பலவாறாகத் திருத்தி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை. பசியைத் தூண்டும் சுரப்புகளும் நிறைவைத் தெரிவிக்கும் சுரப்புகளும் மாறிவிடுகின்றன. ஆகவே முதல் ஆண்டில், மனிதர் சங்கற்பம் செய்துகொண்டாலும் செய்துகொள்ளாவிட்டாலும், எடை குறைந்துகொண்டே போகும்.

இனி அந்த முதல் மாதங்களின் கணக்கைப் பார்ப்போம். 120 கிலோ எடையுள்ள ஒருவர் சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்கு 700 கலோரி உண்கிறார் என்றும், அவருடைய உடல் 2,300 கலோரி செலவிடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், பற்றாக்குறை 1,600 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டுமாதலால், அவர் ஒரு நாளில் மெய்யாகவே இழக்கும் கொழுப்பு 200 கிராம் அளவுதான். அதே நாளில் அவர் உடம்பில் ஏறி இறங்கும் நீரோ ஒரு கிலோவை எளிதில் எட்டிவிடும். ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பு நீரைப் பிடித்து வைக்கும். மலச்சிக்கல் எடையைக் கூட்டும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எடை ஏறும். இரவு உறங்கி எழுவதற்குள் சுவாசமும் தோலும் சேர்ந்து சில நூறு கிராமைக் கரைத்துவிடும். தேடுகிற பொருள் 200 கிராம், அதை மூடி நிற்கும் ஆரவாரம் 1,000 கிராம் என்றால், ஒரு காலையில் கண்ட எண்ணை முந்தின நாள் எண்ணோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படுவதற்கோ சஞ்சலப்படுவதற்கோ முகாந்திரமே இல்லை.

போதாதற்கு, தொடக்க வாரங்களில் எண்கள் பல விதத்தில் ஏமாற்றும். நரம்பு வழியாக ஏற்றிய திரவத்தின் காரணமாக, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இருந்ததைவிட அதிக எடையோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் அரை கிலோவை ஒட்டிய சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருப்பதால், உணவு குறைந்த முதல் சில நாட்களில் இரண்டு கிலோ போலச் சரசரவென்று இறங்கிவிடும். கொழுப்புக் கரைந்தது என்று வீட்டார் பூரிப்பார்கள். பிறகு இரண்டாவது மூன்றாவது வாரத்தில், உடம்பு அந்தச் சேமிப்பையும் நீரையும் ஓரளவு மீட்டுக்கொள்ளும்போது, உள்ளே கொழுப்புக் கரைந்துகொண்டிருக்கவும் மெஷின் மட்டும் ஒரு வாரம், பத்து நாள் அசையாமல் நிற்கும். இந்த அத்தனை செலவும் வீண்போயிற்றே என்று டாக்டரைக் கலங்கிப்போய் அழைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மாதம் ஒரு முறை மட்டும் நிறுத்துப் பார்த்தவருக்கு அப்படியொரு கட்டம் வந்துபோனதே தெரிந்திராது.

நம் ரயில்வே ஸ்டேஷன்களில் வண்ண விளக்குகள் சுழல நின்ற எடை யந்திரங்களை நடுவயதினர் மறந்திருக்கமாட்டார்கள். காசைப் போட்டால் வந்து விழும் அட்டையில் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஜோசியமும் அச்சாகியிருக்கும். தினந்தோறும் நிறுத்துக்கொள்கிறவர் காணும் எண்ணிலும் அத்தகைய மறுபக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது: இன்றைக்கு நான் நல்லவனா, கெட்டவனா, இந்தச் சிகிச்சை எனக்குப் பலித்ததா, இல்லையா என்று. எடைமெஷினின் கால்களுக்கடியில் உள்ள சிறு உணர்கருவிகளுக்கு அதைப் பற்றி ஏதும் தெரியாது. மேலே நிற்கும் பாரம் அவற்றை எவ்வளவு வளைக்கிறது என்பதை மட்டுமே அவை தெரிவிக்கின்றன.

இதைவிடப் பெரிய தோஷம், மெஷின் காணாதவற்றைப் பற்றியது. பைபாஸ் செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகள் பலருக்கு, எடை கணிசமாக இறங்குவதற்கு வெகு முன்பே, சில நாட்களுக்குள் ரத்தச் சர்க்கரை குறையத் தொடங்கிவிடுகிறது. சிகிச்சையின் ஆகச் சிறந்த பலன் இதுவாகவே இருக்கலாம். எடையை மட்டும் பார்த்திருப்பவர் கண்ணில் இது படுவதேயில்லை. எதிர்ப்பக்கத்தில் நம்மவர்களுக்கே உரிய அபாயம் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்க, குழைந்த சாதமும் ரசமும், கஞ்சியும், ஊறவைத்த இட்லியும் சிரமமின்றி உள்ளே இறங்குவதால் அவற்றோடு நின்றுவிடுகிற வழக்கம் நம் வீடுகளில் சகஜம். அப்போதும் எடை இறங்கும்; ஒருவேளை இன்னும் வேகமாகவே இறங்கும்; ஏனென்றால் கொழுப்போடு தசையும் போய்க்கொண்டிருக்கும். ஓயாத வாந்தியால் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குன்றி, மூளையையே தாக்கும் வெர்னிக்கே நோய் நெருங்கிக்கொண்டிருக்கிறவரின் மெஷினும், எல்லாம் சுபமாக நடக்கிறவரின் மெஷினைப் போலவே, நாளுக்கு நாள் சிறிய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் குறையும் இப்படியே. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே எழுத்தில் வருமானால், அக்கடிதத்தைத் தினம் பிரித்துப் படித்து என்ன பயன்?

இவ்வளவும் சொன்ன பிறகு, இவ்வழக்கத்தைத் தள்ளிவிடவேண்டும் என்று நான் வாதிடப்போவதாக வாசகர் எண்ணக்கூடும். இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ரீனா விங்கும் அவருடைய சகாக்களும், தங்கள் முயற்சியால் எடையைக் குறைத்துக்கொண்ட 314 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்குத் தினமும் நிறுத்துக்கொள்ளக் கற்பித்து, குறைந்த எடையிலிருந்து 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், 2.3 கிலோவும் அதற்கு மேலும் ஏறினால் சிவப்பு என்று வகுத்து, நிறத்துக்குத் தக்கபடி என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். பதினெட்டு மாதங்களில் 2.3 கிலோவோ அதற்கு மேலோ மீண்டும் ஏற்றிக்கொண்டவர்கள், வெறும் கடிதச் செய்திகள் மட்டும் பெற்ற பிரிவில் 72.4 சதவிகிதம், நேரில் கூடிக் கற்ற பிரிவில் 45.7 சதவிகிதம். இவர்கள் கத்திக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்பதையும், நிறுவையோடு போதனையும் கூட்டமும் சேர்ந்தே வேலை செய்தன என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும், பார்த்த எண்ணுக்கு இன்னது செய்யவேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தால் நித்திய நிறுவை காவலாக நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த பிரமாணம் அரிது.

வாரத்துக்கு ஒரு முறை போதும் என்பவரின் யோசனையில் கணித ரீதியான ஊனமும் ஒன்று இருக்கிறது. ஏழு நாளில் ஒரு நாளைப் பொறுக்கினால், அது கல்யாண விருந்துக்கு மறுநாளாக இருந்துவிடலாம். அடுத்த வாரத்து நாள் வயிற்றுப்போக்குக்கு மறுநாளாக அமையலாம். இரண்டையும் ஒப்பிட்டு எடுக்கும் முடிவு இரட்டிப்புப் பிழையாகும். ஏழு நாளும் நிறுத்து, ஏழின் சராசரியை முந்தின ஏழின் சராசரியோடு ஒப்பிட்டால் நீரின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தேய்ந்துபோகும். ஆட்டோடெஸ்க் கம்பெனியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜான் வாக்கர் என்னும் பொறியியல் புத்திக்காரர், எடை குறைப்பைப் பற்றி 1991-இல் எழுதிய புத்தகத்தில் வற்புறுத்தியது இம்முறையைத்தான்: தினமும் குறித்துக்கொள், ஆனால் நகரும் சராசரியை மட்டும் நம்பு. மனம் அலைபாயாதவருக்குத் தினசரி நிறுவையே சிறந்தது. அலைபாய்கிறவருக்கு வாரம் ஒரு முறை என்பது அறிவியல் சலுகை அல்ல, மனச் சலுகை. மனச் சலுகையும் வேண்டியதுதான். மினசோட்டா சர்வகலாசாலையின் நீண்டகால ஆராய்ச்சி ஒன்றில், வருஷம் செல்லச் செல்ல அடிக்கடி நிறுத்துக்கொள்ளத் தலைப்பட்ட இளம்பெண்களுக்கு எடை பற்றிய கவலை கூடியும் தன்மதிப்புக் குன்றியும் காணப்பட்டது. எது காரணம், எது காரியம் என்று அதிலிருந்து நிச்சயிக்க முடியாது. எனினும், ஒரு காலத்தில் அளவிறந்து உண்பதும் பின் பட்டினி கிடப்பதுமாகத் தவித்துச் சிகிச்சைக்கு வந்தவர்கள், மெஷின் அசையவில்லை என்பதற்காகப் புரதக் கஞ்சியையும் தள்ளிவைப்பார்களானால், அவர்கள் வீட்டில் அக்கருவி இல்லாதிருப்பதே க்ஷேமம்.

சிகிச்சையின் வேகம் அடங்கிப்போகும் பிற்காலத்தில்தான் கணக்குத் தலைகீழாகிறது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி 4,047 பேரைத் தொடர்ந்து கவனித்த பிரசித்தமான ஆராய்ச்சியில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஒன்று இரண்டு ஆண்டுகளில் எட்டிய உச்ச இழப்புச் சராசரியாக 32 சதவிகிதம். பத்தாம் ஆண்டில் அது 25 சதவிகிதமாக நின்றது. முன்சொன்ன 120 கிலோக்காரருக்கு இதைப் பொருத்தினால், அவர் 82 கிலோவை ஒட்டி இறங்கி, பத்தாம் ஆண்டில் 90 கிலோவாக இருப்பார். எட்டு கிலோ ஏற்றம், எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகளில். ஆண்டுக்கு ஒரு கிலோ. நாளுக்கு மூன்று கிராமுக்கும் குறைவு. முறுக்கும் மிக்சரும் பிஸ்கோத்தும் மென்றவுடன் பொடியாகி, சிறுத்த இரைப்பையிலும் தடையின்றி வழுக்கிச் செல்லும் தன்மையால், இந்த ஏற்றத்தை எந்த நாக்கும் வயிறும் உணர்வதில்லை. வேட்டிக்காரர்களுக்கும் புடவைக்காரர்களுக்கும் இடுப்பில் இறுக்கமும் தெரியாது. சராசரியைத் தொடர்ந்து குறித்து வைத்திருக்கிற ஏடு ஒன்றுதான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

இதே கணக்கிலிருந்து ஓர் ஆறுதலையும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஸ்வீடன் ஆராய்ச்சியில், ஏறத்தாழ பதினொரு ஆண்டு முடிவில், வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தபோது, பழைய முறைகள் உள்பட ஏதேனும் ஒரு சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மரண அபாயம் மற்றவர்களைவிட 29 சதவிகிதம் குறைந்திருந்தது. அதுவும் இழந்த எடையில் ஒரு பங்கு திரும்பிவிட்ட நிலையில். ஆக, 90 கிலோவில் நிற்கும் நம் மனிதர் சிகிச்சையில் தோற்றவர் அல்லர். ஆனால் அவர் ஒவ்வொரு காலையிலும் ஒப்பிடுவது 120 என்னும் தொடக்க எண்ணோடு அல்லவே! வாழ்நாளில் ஒரே ஒரு காலையில், ஜுரம் வந்து தெளிந்தபோதோ என்னவோ, மெஷின் காட்டிய 80.6 என்பதைத் தம் சொந்த எடையாகவே பாவித்து, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவையும் கடனாகக் கருதுகிறார். கடன் வளர வளர, கடன்காரன் வீட்டு வாசல் வழியே போவதைத் தவிர்ப்பதுபோல, மெஷினையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார். முதல் ஆண்டில் நாளுக்கு மூன்று முறை ஏறினவர் மூன்றாம் ஆண்டில் ஒரு முறையும் ஏறாததற்குச் சோம்பலைவிட இந்த வெட்கமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே சிகிச்சைக்குப் பிந்தைய சில மாதங்களில் எடையை ஆஸ்பத்திரிக்காரர்களிடம் விட்டுவிட்டு, புரதத்தையும் தண்ணீரையும் உயிர்ச்சத்து மாத்திரைகளையும் நாள்தோறும் எண்ணிவரவேண்டும் என்பதும், இறக்கம் ஓய்ந்த பிறகு, அதாவது ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடையில், தினசரி நிறுவையைத் தொடங்கவேண்டும் என்பதும் என் கட்சி. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதப் பரிசோதனைகளுக்கு ஒழுங்காக வருகிறவர்களிலும் பலர், அதன்பிறகு ஆண்டுக்கு ஒரு முறை வரச் சொன்னால் வருவதில்லை. தொடங்கு என்று சொல்லவேண்டிய வேளையில் கேட்பதற்கு ஆள் எதிரில் இல்லை. ஓராண்டுப் பரிசோதனையன்றே, அந்த வாரத்து ஏழு நாள் சராசரியை ஒரு காகிதத்தில் குறித்து, எத்தனை கிலோ ஏறினால் தாமதமின்றி வரவேண்டும் என்பதையும் அவரவர் நிலைக்கேற்ப அதன் கீழே எழுதி, வீட்டில் மெஷின் இருக்கும் சுவரில் ஒட்டிவைக்கும்படி சொல்லியனுப்புவதே இதற்கு எனக்குத் தெரிந்த வழி. நான் பார்த்த அச்சிட்ட அறிவுரைத் தாள்களில் எந்த நாளில் பருப்புத் தண்ணீர், எந்த நாளில் மசித்த சாதம் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கு மட்டும் அவற்றில் இடம் விட்டிருக்கவில்லை.