சுரிகுழலும் பரட்டையும்

லொரைன் மாஸியின் 'கர்லி கேர்ள்' (2001) சுருட்டை முடியை நனைக்காமல், உலர்ந்த நிலையிலேயே வெட்டச் சொல்கிறது. ஈரத்தில் சுருள் தளர்ந்து முடி நீண்டு தொங்கும். காய்ந்ததும் சுருண்டு மேலேறும். நனைத்து, இழுத்துச் சீவி வெட்டுகிறவர் அவளுக்கு இல்லாத நேர்முடியை அளந்து வெட்டுகிறார். இதைக் காட்டியது நூலின் பலம். ஆனால் தன் முடியை ஒருத்தி தானே நேசித்தால் போதும் என்று அது நம்புகிறது. தென்னேரியிலிருந்து பள்ளிக்குப் போகும் சிறுமிக்கு அந்த நேசம் காலை மணி அடிக்கும்வரைதான். பிறகு எண்ணெய், இரட்டைச் சடை, ரிப்பன். 'சுரிகுழல்' என்று புகழ்ந்த அதே தமிழ் அவளைப் 'பரட்டை' என்கிறது. கத்தரிக்கோலுக்கு முன்னால் திருந்த வேண்டியது அந்தச் சொல்.