ஹிம்பாக்களுக்கு நீலம் தெரியாதா?

நமீபியாவின் ஹிம்பா மக்களுக்கு நீலம் கண்ணுக்கே தெரியாதுன்னு ஒரு வீடியோத் துணுக்கு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. 2011இல் பிபிசியின் 'ஹொரைசன்' தொடரில் வந்தது. வட்டமாகப் பச்சைக் கட்டங்கள், ஒன்று மட்டும் நீலம். அதைக் கண்டுபிடிக்கத் திணறுகிறார்கள். பார்க்க அபாரம்தான். ஆனால் ராபர்சன், டேவிடாஃப் குழு ஹிம்பாக்களைப் பற்றி 2005இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இந்தச் சோதனை கிடையாது. அவர்கள் சோதித்தது வேறு: பார்த்த நிறத்தை நினைவில் வைத்து அடையாளம் காட்டுவது, மூன்று நிறங்களில் ஒத்துப்போவது எது என்று சொல்வது. ஹிம்பா மொழியில் 'புரு' என்ற ஒரே சொல் பச்சைக்கும் நீலத்துக்கும் பொது. சொல்லின் எல்லை அவர்கள் தீர்ப்பைப் பாதித்தது, அவ்வளவுதான். அதை 'பார்வையே இல்லை' என்று ஊதிவிட்டால் ஒரு மக்கள்கூட்டமே குறையுள்ளதாகிவிடுகிறது. (ஆரஞ்சுக்கு நாம பழத்தோட பேரைத்தான் சொல்றோம். பழம் வர்றதுக்கு முன்னாடி அந்த நிறம் நமக்குத் தெரியாமலா இருந்துச்சு?)

எனக்கு ரஷ்ய ஆய்வுதான் நம்பகமாகப் படுகிறது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனிச் சொற்கள். அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள நீலங்களை ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பிரித்தார்கள் என்று 2007இல் வினாவர் குழு காட்டியது. மனசுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னதும் அந்த வேகம் காணாமப் போச்சு. வித்தியாசம் கண்ணிலேயே இருந்தா, எண் சொன்னா எப்படிப் போகும்?