மூட்டையும் மோட்டார் சத்தமும்

அரிசி, உப்பு, மசாலாச் சாமான் எல்லாவற்றையும் கலந்துகட்டிய ஒரு மூட்டை. 1959இல் வந்த ‘மூசாங் பெர்ஜாங்குட்’ மலாய்ப் படத்தில் அரசகுமாரனாக வரும் பி. ரம்லி, இதைச் சுமந்துகொண்டுதான் பெண் தேடிப் புறப்படுகிறார். இதைப் பிரித்துச் சமைத்துப் போடுகிறவள்தான் அவருக்கேற்ற பெண். அரிசிக்குள் சிந்திய உப்பை என்றாவது பொறுக்கிப் பார்த்தவர்களுக்கு இங்கேயே சிரிப்பு தொடங்கிவிடும். ரம்லி முகத்தைக் கோணவில்லை, விழுந்து புரளவில்லை. ஊரில் எல்லோரும் இப்படித்தான் பெண் பார்க்கிறார்கள் என்பதுபோல நிற்கிறார். மூட்டை நடிக்கிறது, அவர் அதற்கு வழிவிடுகிறார்.

பினாங்கு தந்த இந்தக் கலைஞனைப் பாடகர் என்றும் இயக்குநர் என்றும் புகழ நிறையப் பேர் உண்டு. சாமான்களைச் சிரிக்க வைத்தவர் என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை. 1929 மார்ச் 22இல் பிறந்தவர், தகப்பனார் ஆச்சேக்காரர். 1926இல் கட்டிய அவர்கள் வீட்டுப் பலகைச் சுவர்களை இன்று ஜார்ஜ் டவுனில் அவர் பெயர் தாங்கிய சாலையிலேயே பார்க்கலாம், அருங்காட்சியகமாக. வயலின் வாசித்தவர். 1948இல் புக்கிட் மெர்தாஜாம் மேடையில் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் சிங்கப்பூருக்கு அழைத்தார். ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் அன்று இயக்குநர்களில் பலர் இந்தியர்கள். 1950இல் ‘பக்தி’ படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர். தமிழர்கள் இங்கே கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்.

அந்த வயலின் காதுதான் பிற்பாடு நகைச்சுவைக்கும் கைகொடுத்தது என்பேன். ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ (1961) பாருங்கள். ரம்லி, அசீஸ் சத்தார், எஸ். சம்சுடின் என்ற மூன்று கட்டை பிரம்மச்சாரிகளுக்குச் சினிமாவில் நடிக்க வாய்ப்பு வருகிறது. ஒண்டுக்குடித்தனத்தில் உட்கார்ந்து வசனம் மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். ஒருவன் வீட்டுக்குள்ளேயே மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டிருக்கிறான், இன்னொருவன் வாத்தியம் ஊதிப் பழகுகிறான், வேறோர் அறையில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. வெறும் இரைச்சலாகப் போயிருக்க வேண்டிய காட்சி இது. ஆனால் ரம்லி அதைக் கச்சேரிபோல நடத்துகிறார்: எந்தச் சத்தம் எப்போது எழ வேண்டும், எங்கே அடங்கினால் வசனம் விழும், அந்த வசனத்தை எது மறுபடி விழுங்க வேண்டும் என்பதெல்லாம் தாளக் கணக்கு. மோட்டார் இங்கே செட் ப்ராப்பர்ட்டி அல்ல, பக்கவாத்தியம்.

நம்மிடமும் இந்த வித்தை உண்டு. ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தின் பெட்ரோமாக்ஸ் மேன்டிலை யார் மறப்பார்? ஒரு தடவை எரிந்த மேன்டில் சாம்பல் கூடுதான், விரல் பட்டால் உதிரும். செந்தில் கையை நீட்டும்போதே நமக்குப் பதறுவதும், கவுண்டமணியின் கோபம் நியாயமாகப் படுவதும் அதனால்தான். ரம்லியின் மூட்டைக்கும் இதே நேர்மை. பொருள் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது, மனிதன்தான் அதனிடம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

1964இல் அவர் கோலாலம்பூரின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்குப் போனார். அதற்குப் பிந்தைய படங்களில் ‘டோ ரே மி’ (1966) எனக்குப் பிடிக்கும், மற்ற பலவற்றை மரியாதைக்காகப் பார்க்கிறேன். 1972இல் வந்த கடைசிப் படம் ‘லக்சமானா டோ ரே மி’யில் மந்திரப் பொருட்கள் நுழைந்துவிடுகின்றன. நினைத்ததை நடத்தித் தரும் சாமானிடம் மாட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? சிரிப்பு தளர்கிறது. மறு ஆண்டு மே 29ஆம் தேதி, 44 வயதில் இறந்துபோனார்.

புதிதாக அவரைப் பார்க்க நினைப்பவர்கள் அந்தக் கடைசிப் படத்தில் தொடங்க வேண்டாம். மலாய் தெரியாதவர்கூட ‘செனிமான்’ ஒண்டுக்குடித்தனத்தை சப்டைட்டில் இல்லாமலே பார்த்துவிடலாம்.